ஆற்றலை அளக்கும் நொதி: ஏஎம்பிகே ஆய்வின் வரலாறு

உயிரணுவின் பெரும்பாலான வேலைகளுக்கு ஆற்றல் தருவது ஏடிபி என்னும் மூலக்கூறு. அது செலவாகும்போது, மூன்று பாஸ்பேட்டுகளில் இரண்டை இழந்த ஏஎம்பி பெருகுகிறது. இந்த மாற்றத்தை உணர்ந்து, ஆற்றலை விழுங்கும் வேதிவினைகளைத் தடுத்து, ஆற்றல் தரும் வினைகளைத் தூண்டும் ஏஎம்பிகே என்னும் நொதி, முதலில் ஒரே பொருளாக அறியப்படவில்லை. 1973இல் கார்ல்சனும் கிம்மும் கொழுப்பு அமிலத் தொகுப்புக்குரிய நொதி ஒன்றையும், பெக், ஆல்மன், கிப்சன் ஆகியோர் கொலஸ்ட்ரால் தொகுப்புக்குரிய நொதி ஒன்றையும் செயலிழக்கச் செய்யும் புரதங்களைத் தனித்தனியே கண்டனர். இரண்டும் ஒரே கைனேஸ், அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் ஒரே நொதி என்பதை, 1987இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கிரஹாம் ஹார்டியின் குழு நிறுவியது.

1990களில் அதன் அமைப்பு தெளிவாயிற்று. வினையை நிகழ்த்தும் ஆல்பா, இணைப்பாக நிற்கும் பீட்டா, ஏஎம்பியைப் பற்றிக்கொள்ளும் காமா என மூன்று துணையலகுகள் சேர்ந்ததே இந்த நொதி. ஆல்பாவின் 172ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறினால்தான் அது முழுவீச்சில் இயங்குகிறது. அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் முதன்மை நொதி எல்கேபி1 என்பது 2003இல் வெளியானபோது, அதுவும் ஸ்ட்ராட், எம்ஓ25 என்னும் இரு புரதங்களுடன் கூடியே வலுவாகச் செயல்படுகிறது என்பதும் சேர்ந்தே வெளிப்பட்டது. எல்கேபி1 மரபணுவின் பழுது, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை நோயான பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்குக் காரணம் என்பது 1998இலேயே தெரிந்திருந்ததால், ஆற்றல் கணக்கும் புற்றுநோயும் எதிர்பாராத வகையில் ஒரே ஆய்வுக்குள் வந்தன.

ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகள் ஏஎம்பிகேயைத் தூண்டுவது ஏன் என்ற கேள்விக்கு 2010இல் இரு விடைகள் எழுந்தன. ஆல்பாவின் 299, 304ஆம் இடங்களிலுள்ள, கந்தகம் கொண்ட சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம் என்றது ஸ்மியெவ்ஸ்கியின் குழு. ஏஎம்பியை உணர முடியாதபடி காமாவை மாற்றிய உயிரணுக்களில் அத்தூண்டல் பெரும்பாலும் மறைந்துவிடுவதைக் காட்டிய ஹார்டியின் குழு, பெராக்சைடு ஏடிபியைக் குறைத்து ஏஎம்பியைப் பெருக்குவதாலேயே அது நேர்கிறது என்று வாதிட்டது. 2014இல் சடோஷிமாவின் குழு இதயத் தசை உயிரணுக்களில் நேர்மாறான நிலையைக் கண்டது: 130, 174ஆம் சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஏஎம்பிகே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திரண்டு, பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளை அணுக முடியாமல் போகின்றன, தயோரெடாக்சின் என்னும் புரதம் அப்பிணைப்பை அறுத்து அவற்றை மீட்கிறது.

ஆகவே ஆக்சிஜனேற்றத்தை இந்நொதியின் தூண்டுகோல் என்றோ தடை என்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தச் சிஸ்டீன், எந்த உயிரணு, உடனிருக்கும் புரதங்கள் எவை என்பவற்றைக் குறிப்பிடாமல் கூறப்படும் எந்த முடிவும் அரைகுறையானதே.