மிகாடோவின் அங்கி

உலகத்திலுள்ள உடைகளிலெல்லாம் நாடக உடையின் பாடுதான் பரிதாபம். இரவு பத்து மணிக்கு அது சக்கரவர்த்தியின் பீதாம்பரம். விடிந்தால் தகரப் பெட்டிக்குள் சுருட்டிப் போட்ட பழந்துணி. நடிகனுடைய பெயராவது சில காலம் ஊர் வாயில் இருக்கும். உடைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

லண்டனில் சில நாடக உடைகளுக்கு மட்டும் நற்கதி கிடைத்திருக்கிறது. அங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் நாடகச் சேகரிப்பில், 'மிகாடோ' என்ற நகைச்சுவை இசை நாடகத்தின் உடைகளும் இருக்கின்றன. 1926-இல் சார்லஸ் ரிக்கட்ஸ் என்ற ஓவியர் வரைந்து கொடுத்த மாதிரிப்படி தைத்தவை அவை. அவர் வகுத்த கோலங்களில் சில, டாய்லி கார்ட் நாடகக் கம்பெனி 1982-இல் கலைந்த வரையில் மேடையில் நிலைத்திருந்தன.

மிகாடோ என்றால் ஜப்பான் சக்கரவர்த்தி. கில்பர்ட் எழுதி, சல்லிவன் இசையமைத்த இந்த நாடகம் 1885 மார்ச் 14-இல் சவாய் தியேட்டரில் அரங்கேறியது. கதை வேடிக்கையானது. பெண்களிடம் சரசமாடினால் மரண தண்டனை என்று சக்கரவர்த்தி சட்டம் போடுகிறார். அந்தக் குற்றத்தில் அகப்பட்ட ஒரு தையற்காரனை ஊரார் பிடித்துத் தலை வெட்டும் அதிகாரியாக்கி விடுகிறார்கள்! தன் தலையை முதலில் வெட்டிக்கொள்ளாமல் அவன் பிறர் தலையை வெட்ட முடியாதல்லவா? ஊருக்கு நிம்மதி.

கதை கோணங்கித்தனமானது, உடை விஷயத்திலோ கில்பர்ட் விளையாடவில்லை. அப்போது லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் ஜப்பானியக் கிராமம் என்ற கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஆள் வரவழைத்து, நடிகைகளுக்கு நடையும் விசிறி பிடிக்கும் பாங்கும் கற்றுக்கொடுக்கச் செய்தார். லிபர்ட்டி கடைப் பட்டில் உடைகள் தைக்கப்பட்டன. முதல் ஓட்டத்திலேயே 672 தடவை நடந்தது நாடகம்.

இத்தனை பட்டும் யாருக்காக? ஜப்பானைக் கேலி செய்வதற்கா? இல்லை. ஜப்பானியப் பட்டுக்குள் இருந்தவர்கள் அசல் ஆங்கிலேயர்கள். ஒரே ஆள் பத்துப் பதவி வகித்து, பத்துக்கும் சம்பளம் வாங்கும் பெரிய மனிதர் ஜப்பானில் பிறந்தவரல்ல. சொந்த ஊர் அதிகாரியை நேரே பார்த்துச் சிரித்தால் வம்பு; அவருக்கு அயல்நாட்டு அங்கியைப் போர்த்திவிட்டால், அவரும் சேர்ந்தே சிரித்து விடுவார்.

ஆனால், சர்க்கார் என்பது எப்போதும் சர்க்கார்தான். 1907-இல் ஜப்பானிய இளவரசர் புஷிமி விஜயம் செய்தபோது, விருந்தாளி மனம் புண்படுமே என்று நாடகத்தைச் சுமார் ஆறு வாரம் தடுத்து வைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஷெஃபீல்டு நகரில் அதைப் பார்த்த ஜப்பானியப் பத்திரிகையாளர் ஒருவரோ, இதில் இழிவு எதுவும் காணோமே என்று எழுதினார்!

இந்த எர்ணாவூரில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பட்டைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். இங்கிருந்து தெற்கே போனால் வால்டாக்ஸ் சாலை. ஒரு காலத்தில் அங்கே ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் விளக்கு எரியாத இரவு அபூர்வம். கன்னையா கம்பெனி போன்ற கம்பெனிகள் வெல்வெட்டையும் ஜரிகையையும் வாரி இறைத்த காலம் அது. அந்த ராஜபார்ட் உடை சோழனுடையதுமல்ல, பாண்டியனுடையதுமல்ல. பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த மினுமினுப்பு அதில் பாதி. மிகாடோவின் ஜப்பானைப் போலவே அதுவும் ஒரு கற்பனை தேசத்து உடைதான்.

அந்த உடைக்குள்ளும் உண்மை ஒளிந்திருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தைப் பாருங்கள். முருகன் வேடனாய் வருகிறான், கிழவனாய் வருகிறான். பாட்டும் பரிகாசமுமாகப் பொழுது விடிகிறது. தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் எஸ். எஸ். விசுவநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்தக் கொக்கு என்று கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும். போலீஸ்காரருக்கும் தெரியும். நாடகங்களைத் தடுக்க 1876-லேயே தனிச் சட்டம் செய்து வைத்திருந்த ஆட்சி அது. பாடியதற்காக அவர் பல முறை சிறை சென்றார்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. வேஷம் கலைக்காமலே இறுதி ஊர்வலம் நடந்தது என்று சொல்வார்கள். லண்டனில் தடை செய்தவர்கள் ஆறு வாரத்தில் மனம் மாறினார்கள்; அந்த நாடகத்தின் உடை கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. நம்முடைய முருகனின் உடை நம் நினைவில் மட்டும் இருக்கிறது.

நம் ஊரில் நாடக உடை தங்காததற்குக் காரணங்கள் உண்டு. பல உடைகள் வாடகைக்கு வந்தவை. ஒருவர் வியர்வை உலருமுன் இன்னொருவர் உடுத்துவார். வியர்வையின் உப்பு துணியைத் தின்னும். கடற்காற்றின் ஈரம் ஜரிகையைக் கறுக்க வைக்கும். கம்பெனி நொடித்தால் கடன்காரன் பெட்டியைத் தூக்கிப் போவான். அசல் ஜரிகையாக இருந்தால் அதை எரித்து வெள்ளி எடுத்துவிடுவார்கள். ஒரு ராஜாவின் மார்பிலிருந்து எத்தனை தோலா வெள்ளி தேறியிருக்கும்? அதைக் கொண்டு எத்தனை நாள் அடுப்பு எரிந்திருக்கும்? பசித்தவனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் பசி நீங்கிய பேரப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ, பரணில் ஏறிப் பாட்டனாரின் டிரங்குப் பெட்டியைத் திறக்க நேர்ந்தால், உள்ளேயிருப்பதைக் குப்பைக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அந்தக் கறுத்த ஜரிகையை வெளுக்கவும் வேண்டாம். யார் உடுத்தியது, எந்த வேஷம், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மியூசியம் பிறகு வரட்டும். சீட்டு இல்லாத உடை வெறும் துணி. சீட்டு இருந்தால் அது சரித்திரம்.