தோல் ஆஞ்சியோசார்கோமா: நோயறிதல்

தோல் ஆஞ்சியோசார்கோமா, ரத்தக் குழாய் அல்லது நிணநீர்க் குழாயின் உட்சுவர் செல்களில் தோன்றி வேகமாகப் பரவும் அரிய புற்றுநோய். மென்திசு சார்கோமாக்கள் அனைத்திலும் ஆஞ்சியோசார்கோமாவின் பங்கு 1 முதல் 2 விழுக்காடுதான். 60 வயதைக் கடந்தவர்களின் உச்சந்தலையிலும் முகத்திலுமே அதிகம் வருகிறது.

தொடக்கத்தில் வெறும் ரத்தக்கட்டு போலிருப்பதுதான் இந்நோயின் பெரும் ஆபத்து. அடிபட்ட நினைவே இருக்காது. வலியும் பெரும்பாலும் இராது. மாநிறத் தோலில் சிவப்பு எடுபடாததால் கருநீலத் திட்டாகத் தெரியும், தலைமுடி அதையும் மறைத்துவிடும். தோல் தொற்று என்று எண்ணிக் களிம்பும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பதில் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. தலையை இதய மட்டத்துக்குக் கீழே சில நொடிகள் தாழ்த்தும்போது திட்டு புடைத்து நிறம் அடர்ந்தால், அது சந்தேகத்தை வலுப்படுத்தும் எளிய அடையாளம்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற இடத்தில் சில ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் நீண்டகாலம் வீங்கிய கையில் இது தோன்றுவதை 1948இல் ஸ்டூவர்ட், டிரீவ்ஸ் ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்கள் 6 பெண்களிடம் கண்டு விவரித்தனர். யானைக்கால் வீக்கத்திலும் அரிதாக வந்திருக்கிறது. இந்திய மருத்துவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

நோயை உறுதிசெய்வது பயாப்சிதான். மேலோட்டமாகச் சுரண்டினால் ரத்தமும் புண்ணுமே கிடைக்கும். திசுவை ஆழமாக எடுக்க வேண்டும். நல்ல தோல்போலத் தெரியும் பகுதிக்கு அடியிலும் நோய் பரவியிருக்கும் என்பதால், பல இடங்களில் எடுப்பதே சரி. ஒழுங்கற்ற குழாய்கள் கொலாஜன் இழைகளைப் பிளந்துகொண்டு செல்வது நுண்ணோக்கியில் தெரியும். சிடி31, இஆர்ஜி சாயச் சோதனைகள் செல்களின் குழாய் மூலத்தைக் காட்டும். எச்எச்வி-8 வைரஸ் இல்லாதது, இதைப்போலத் தெரியும் கபோசி சார்கோமாவிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். கதிர்வீச்சுக்குப் பின் வருவதில் எம்ஒய்சி மரபணுப் பெருக்கம் முக்கியத் தடயம். ஆகவே பழைய சிகிச்சை விவரத்தை நோய்க்கூறியல் மருத்துவருக்கு எழுதி அனுப்பியே ஆகவேண்டும். நோய் முதலில் நுரையீரலை நாடுவதால் மார்பு சிடி ஸ்கேனும் தேவை.

தில்லியில் இருப்பவர்கள் புற்றுநோய் மருத்துவமனைகளை அணுகலாம். மேற்குத் தில்லியின் ஜனக்புரியில் தில்லி மாநிலப் புற்றுநோய் நிறுவனத்தின் மேற்குக் கிளை உள்ளது. தலைமையகம் நகரின் மறுகோடியில், தில்ஷாத் கார்டனில். எய்ம்ஸின் புற்றுநோய் மருத்துவமனை தெற்குத் தில்லியில் இருக்கிறது. எங்கு பயாப்சி செய்தாலும் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி, சார்கோமா பார்த்துப் பழகிய நோய்க்கூறியல் மருத்துவரிடம் மறுகருத்துப் பெறுங்கள்.