காரைக்கால் கரையும் இரண்டு கம்பெனிகளின் டிவிடெண்டும்

டி.சி.எஸ். பங்கு 2004ல் 850 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. அன்னைக்கு ஒரே ஒரு பங்கு வாங்கி விற்காமல் வைத்திருந்தவரிடம் இன்று 8 பங்குகள் இருக்கும். 2006, 2009, 2018 என்று மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். 2024-25 நிதியாண்டுக்குப் பங்குக்கு 126 ரூபாய் டிவிடெண்ட். எட்டுக்கும் சேர்த்து 1,008 ரூபாய். போட்ட முதலை விட அதிகம், ஒரே வருஷத்தில்!

அதே பங்கை 3,500 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு 126 ரூபாய் என்பது 3.6%தான். பங்கின் முகமதிப்போ 1 ரூபாய். அதை வைத்துச் சொன்னால் 12,600%. ஒரே பணம், மூன்று சதவீதம். மூன்றுமே சரியான கணக்கு.

மென்பொருள் துறையில் இருக்கிறவன் என்பதால் இந்தக் குழப்பத்தை அடிக்கடி கேட்கிறேன். பழைய கம்பெனிகளைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதற்கு நானூறு வயசு. அதில் ஒரு பகுதி நம்ம டெல்டா கரையிலேயே நடந்திருக்கு.

காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி, 1620 முதல் டேனிஷ் கம்பெனி. தெற்கே நாகூர் தாண்டி நாகப்பட்டினம், 1658ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக் கம்பெனி பிடித்தது. நடுவில் காரைக்கால், 1739 முதல் பிரெஞ்சுக் கம்பெனி. ஒரு நாளில் சுற்றிவிடக்கூடிய கரையில் மூன்று பங்குக் கம்பெனிகள். மூன்றுக்கும் ஐரோப்பாவில் பங்குதாரர்கள் இருந்தார்கள்.

டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழர் இல்லை!) 1602ல் தொடங்கியது, மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர். முதல் டிவிடெண்ட் வர 1610 ஆனது. அதுவும் பெரும்பாலும் பணமாக இல்லை, சாதிபத்திரியும் மிளகுமாக! பங்குதாரர் மூட்டையை வாங்கிப் போய் தானே விற்றுக்கொள்ள வேண்டியதுதான். இந்த வாசனைப் பொருட்களைக் கிழக்குத் தீவுகளில் வாங்க டச்சுக்காரர்களுக்கு முக்கியமான மாற்றுப்பொருள் சோழமண்டலக் கரையின் துணி. நம்ம நெசவாளரின் தறியில் தொடங்கி ஆம்ஸ்டர்டாம் பங்குதாரர் வீட்டில் முடியும் சங்கிலி அது.

வி.ஓ.சி.யின் டிவிடெண்ட் அதன் ஆயுள் முழுக்கச் சராசரியாக வருஷத்துக்கு 18% என்று பல இடங்களில் படிப்போம். அது முகமதிப்பின் மேல். பங்கோ சந்தையில் முகமதிப்பைப் போலப் பல மடங்குக்கு விற்றது. உதாரணமாக, 100 கில்டர் பங்கை 600 கொடுத்து வாங்கியவருக்கு 24 கில்டர் டிவிடெண்ட் வந்தால் அவருடைய யீல்டு 4%தான். டி.சி.எஸ். கணக்கேதான்.

ஆனா விஷயம் சதவீதத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வி.ஓ.சி. சம்பாதித்ததை விட அதிகமாகவே டிவிடெண்ட் கொடுத்துவந்தது. மீதிக்குக் கடன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கம்பெனி கம்பீரமாகத்தான் தெரிந்திருக்கும். 1780ல் ஆங்கிலேயரோடு போர் வந்தது, 1781ல் நாகப்பட்டினம் கைவிட்டுப் போனது, 1782க்குப் பிறகு டிவிடெண்டே இல்லை. 1799 முடிவில் கம்பெனியும் இல்லை.

காரைக்காலின் கதை இதை விட விசித்திரம். 1720ல் ஜான் லாவின் பங்குக் குமிழி உடைந்த பிறகு பிரெஞ்சுக் கம்பெனியைச் சீரமைத்தார்கள். பங்குகள் 56,000, பங்குக்கு ஆண்டுக்கு 150 லிவ்ர் டிவிடெண்ட். பெருக்கினால் 84 லட்சம் லிவ்ர். கப்பல் கவிழ்ந்தாலும் போர் வந்தாலும் இவ்வளவு பணம் வருஷா வருஷம் எங்கிருந்து வரும்?

புகையிலையிலிருந்து. பிரான்சுக்குள் புகையிலை விற்கும் ஏகபோக உரிமையை மன்னர் 1723ல் கம்பெனிக்குக் கொடுத்தார். 1730ல் கம்பெனி அதை வரி வசூல் குத்தகைக்காரர்களிடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் லிவ்ருக்கு விட்டது. அதாவது, டிவிடெண்ட் கிட்டத்தட்ட முழுசும் பிரெஞ்சு மக்கள் போட்ட மூக்குப்பொடியிலிருந்து வந்தது. காரைக்கால் துணிக்கும் நெல்லுக்கும் அதில் பெரிய பங்கில்லை. பெயர்தான் இந்தியக் கம்பெனி. பங்குதாரர் கையில் இருந்தது பாதி அரசுப் பத்திரம்.

இதனால் என்ன ஆச்சு? மன்னரின் வருமானம் பங்குதாரருக்குப் போய்விட, வியாபாரத்துக்கு வேண்டிய முதல் தனியாகத் தேட வேண்டியிருந்தது. புதுச்சேரியில் பணத் தட்டுப்பாடு தீராத தலைவலி. ஆளுநர் டூப்ளே 1753ல் பாரிஸுக்கு எழுதிய குறிப்பில் வைத்த வாதம் இதுதான்: வியாபாரத்தை மட்டும் நம்பினால் நடக்காது, இங்கேயே நிலையான வருமானம் வேண்டும். நிலையான வருமானம் என்றால் நிலவரி. நிலவரி என்றால் நம்ம கிராமங்கள். பாரிஸ் இயக்குநர்களுக்குப் போர்ச்செலவு பிடிக்கவில்லை, 1754ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். டூப்ளே சொன்ன அந்த வழியில் பிறகு ஆங்கிலேயக் கம்பெனி வங்காளத்தில் வெகுதூரம் போனது. பிரெஞ்சுக் கம்பெனியின் வியாபார ஏகபோகம் 1769ல் நிறுத்தப்பட்டது. காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1954ல்தான் முடிந்தது.

இப்போ டி.சி.எஸ்.ஸுக்கு வருவோம். 2024-25ல் நிகர லாபம் சுமார் 48,500 கோடி. டிவிடெண்டாகப் போனது சுமார் 45,600 கோடி. கடன் வாங்கிக் கொடுக்கவில்லை, அரசு தந்த ஏகபோகமும் இல்லை. வேலை செய்து வந்த லாபம். இந்த இடத்தில் அது வி.ஓ.சி.யும் இல்லை, பிரெஞ்சுக் கம்பெனியும் இல்லை. ஆனா லாபத்தில் 94% வெளியே போனால், தொழிலுக்குள் திரும்பப் போடுவதற்கு எவ்வளவு மிச்சம் என்ற கேள்வி இருக்கு. அதற்கான பதில் யீல்டு எண்ணில் கிடைக்காது.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனா டிவிடெண்ட் பற்றி யாராவது ஒரு சதவீதம் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த விலையின் மேல் இந்தக் கணக்கு? எந்தக் கல்லாவிலிருந்து வருகிறது இந்தப் பணம்? முதல் கேள்விக்குக் கால்குலேட்டர் போதும். இரண்டாவதுக்கு ஆண்டறிக்கையைப் பொறுமையாகப் புரட்டணும்.

தரங்கம்பாடியை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். அங்கே 1640 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. அது தனிப் பதிவுக்கான கதை.