வியாபார விருந்தில் யாருக்கு நாற்காலி?

ஹொலிவூட் படங்களில் இந்தக் காட்சியை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். மங்கலான வெளிச்சம், தோல் போர்த்திய இருக்கைகள், கருமரப் பலகை அடித்த சுவர். கோட் சூட் போட்ட நாலைந்து ஆண்கள், ஒவ்வொருவர் தட்டிலும் உள்ளங்கையை விடப் பெரிய மாட்டிறைச்சித் துண்டு. ஸ்டேக்கை வெட்டி வெட்டிக் கதைக்கிறார்கள். தட்டு காலியாக முதல் ஒரு கொம்பனி கைமாறிவிடுகிறது.

எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படியான கடைப் பக்கம் போகப்போவதில்லை. பிறகு ஏன் அதைப் பற்றி எழுதுகிறோம்? வேலையும் ஒப்பந்தமும் பதவி உயர்வும் அலுவலகத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை, சாப்பாட்டு மேசையிலும் தீர்மானமாகின்றன என்பதற்காகத்தான். அந்த மேசையில் யார் உட்காரலாம், யார் காசு கட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்காகவும் அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது.

கதை நியூயோர்க்கில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் திச்சினோ பகுதியிலிருந்து வந்த டெல்மோனிக்கோ சகோதரர்கள் 1827இல் வில்லியம் வீதியில் ஒரு சிறிய கடையைத் திறந்தார்கள். பத்து வருடத்தில் அது பெரிய உணவகமாகிவிட்டது. அதுவரை வெளியில் சாப்பிடுவதென்றால் பெரும்பாலும் விடுதியில் சாப்பிடுவதுதான்: குறித்த நேரம், நீளமான பொது மேசை, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. டெல்மோனிக்கோவில் தனி மேசை இருந்தது, பட்டியலைப் பார்த்து விரும்பியதைக் கேட்கலாம். தனி மேசை என்றால் பக்கத்து ஆளுக்குக் கேட்காமல் கதைக்கலாம். அந்தக் காலத்தில் வியாபாரிகளின் வீடுகள் நகரின் வடக்கே நகரத் தொடங்கின, அலுவலகங்கள் தெற்கே வோல் ஸ்ட்ரீட்டைச் சுற்றியே இருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வர முடியாத ஆண்களுக்குச் சாப்பாடும் தேவைப்பட்டது, பேரம் பேச இடமும் தேவைப்பட்டது.

இறைச்சி வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1865இல் சிக்காகோவில் யூனியன் ஸ்டொக் யார்ட்ஸ் என்ற மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. முதலில் மாடுகளை உயிரோடு ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். பிறகு கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் போன்றவர்கள் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். சிக்காகோவில் வெட்டிய இறைச்சி கெடாமல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. வெட்டியவர்கள் பெரும்பாலும் புதிதாய் வந்து சேர்ந்த குடியேறிகள். அவர்கள் வேலை செய்த நிலைமையை அப்டன் சின்க்ளேயர் 1906இல் ‘தி ஜங்கிள்’ நாவலில் எழுதினார். படித்தவர்கள் தொழிலாளிக்காக இரங்கியதை விடத் தங்கள் தட்டில் இருந்த இறைச்சிக்காகவே கூடுதலாய்ப் பயந்தார்கள். அதே வருடம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது.

சாப்பாடு தயார். நாற்காலி யாருக்கு?

1868 ஏப்ரலில் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு நியூயோர்க் பத்திரிகையாளர்கள் டெல்மோனிக்கோவில் விருந்து வைத்தார்கள். ஜேன் கனிங்ஹம் குரோலி என்ற பெண் பத்திரிகையாளரும் டிக்கெட் கேட்டார். பெண் என்பதால் கிடைக்கவில்லை. அவரும் தோழிகளும் ‘சொரோசிஸ்’ என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, அதே மாதம் அதே டெல்மோனிக்கோவில் ஆண் துணையில்லாமல் கூடி மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். இன்றைக்கு இது என்ன பெரிய விசயம் எண்டு தோன்றலாம். ஆண் துணை இல்லாமல் வரும் பெண்களை நல்ல உணவகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது.

அதே நூற்றாண்டில் நியூயோர்க்கில் ‘பீஃப்ஸ்டேக்’ என்றொரு விருந்து வழக்கமும் இருந்தது. ஆண்கள் மட்டும், மேலே ஏப்ரன், கத்தி முள்ளுக்கரண்டி கிடையாது, கையால் இறைச்சி, குடங்குடமாய் பியர். அரசியல் கட்சிக்காரர்கள் ஆதரவாளர்களைச் சேர்த்த இடமும் அதுதான். 1920இல் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்த பிறகுதான் கட்சிக்காரர்கள் அவர்களையும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வாக்கு வந்தது, பின்னாலேயே நாற்காலியும் வந்தது.

ஆனாலும் வியாபாரிகளின் மேசை ஆண்களுக்கே இருந்தது. பிளாசா ஹோட்டலின் ஓக் ரூமில் வார நாட்களில் பிற்பகல் மூன்று மணி வரை பெண்களுக்கு இடமில்லை. 1969 பெப்ரவரியில் பெட்டி ஃப்ரீடனும் தோழிகளும் உள்ளே போய் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். வெயிட்டர்கள் அவர்களோடு சண்டை பிடிக்கவில்லை. மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! பெண்கள் வெறும் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சில மாதங்களில் ஹோட்டல் அந்த விதியைக் கைவிட்டது.

நிறத்தின் பெயரால் மூடிய கதவு இதைவிடக் கனமானது. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் உணவகங்களில் இன, நிற, மத பாகுபாட்டைத் தடை செய்தது. அலபாமாவின் பேர்மிங்ஹாமில் இருந்த ‘ஒலீஸ் பாபிக்யூ’ என்ற கடை அதை எதிர்த்து வழக்குப் போட்டது. உள்ளே உட்கார்ந்து சாப்பிட வெள்ளையருக்கு மட்டும் அனுமதி, கறுப்பினத்தவர் வாங்கிக்கொண்டு போகலாம். வேலையாட்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். சமைக்கலாம், பரிமாறலாம், உட்கார முடியாது. ‘நாங்கள் உள்ளூர்க் கடை, மத்திய அரசுக்கு இங்கே என்ன வேலை?’ என்பதே கடைக்காரரின் வாதம். உயர் நீதிமன்றம் கடையின் கொள்வனவுக் கணக்கைப் பார்த்தது. ஒரு வருடத்தில் வாங்கிய சுமார் 70,000 டொலர் இறைச்சி வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தது. மாநில எல்லை தாண்டும் வியாபாரம் என்றால் மத்திய சட்டம் செல்லும். 1964 டிசெம்பரில் கடை தோற்றது. சிக்காகோ காலத்திலிருந்து மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்த இறைச்சியே கடைசியில் கதவைத் திறக்கும் சாட்சியாகிவிட்டது.

ஆனால் உணவகங்களைப் பற்றிய அந்தப் பிரிவில் ‘பால்’ என்ற சொல் இல்லை. அதனால் பெண்கள் ஊர் ஊராய், மாநிலம் மாநிலமாய்ப் போராட வேண்டியிருந்தது. நியூயோர்க் நகரம் 1984இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 400க்கு மேல் உறுப்பினர், வழக்கமான சாப்பாட்டு வசதி, வியாபாரத்துக்காக வெளியாட்கள் கட்டும் காசு, இந்த மூன்றும் உள்ள கிளப் இனித் தனிப்பட்ட வீடு இல்லை, அங்கே பாகுபாடு காட்ட முடியாது. கிளப்புகள் எதிர்த்தன. 1988இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது. ‘சும்மா நண்பர்களோடு சாப்பிடுகிறோம்’ என்ற சாட்டு அதற்குப் பிறகு எடுபடவில்லை. கொம்பனி காசில் சாப்பிட்டால் அது வேலை. வேலை என்றால் எல்லாருக்கும் வாசல் திறக்க வேண்டும்.

அடுத்தது காசு. 1950இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. உணவகத்தில் பர்சை மறந்துவிட்ட ஒரு வியாபாரிக்கு வந்த யோசனை என்று கதை சொல்வார்கள். அது தான் கட்டிய கதை என்று அந்தக் கொம்பனியின் விளம்பர ஆளே பிறகு சொல்லிவிட்டார். கதை பொய்யானாலும் இன்று எங்கட பர்சில் கிடக்கும் கிரெடிட் கார்டின் மூதாதை வியாபார விருந்துக்காகப் பிறந்தது என்பது உண்மை.

பில்லைக் கொம்பனி கட்டும், கட்டியதை வருமான வரியில் செலவாகக் கழிக்கும். வரியில் குறையும் பங்கு பொதுமக்களின் பங்கு. 1976 தேர்தலில் ஜிமி கார்ட்டர் இதைத்தான் பிடித்தார்: வியாபாரியின் மது விருந்துக்கு வரிச்சலுகை இருக்கு, தொழிலாளி கட்டிக்கொண்டு போகும் சாண்ட்விச்சுக்கு ஏன் இல்லை? அவரால் மாற்ற முடியவில்லை. 1986 சட்டம் கழிக்கக்கூடிய பங்கை 80 வீதமாக்கியது, 1993 சட்டம் 50 வீதமாக்கியது. 2021, 2022இல் கொரோனாவில் விழுந்த உணவகங்களைத் தூக்கிவிடத் தற்காலிகமாக மீண்டும் 100 வீதம்.

அதே மேசைக்கு ஸ்டேக்கைக் கொண்டுவரும் வெயிட்டரின் கணக்கு வேறு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையால் கொடுக்க வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி 1991இலிருந்து மணிக்கு 2.13 டொலர். பல மாநிலங்கள் கூட்டியிருக்கின்றன, மத்திய அளவு அப்படியே நிற்கிறது. மிச்சக் கூலி விருந்தாளியின் மனநிலையைப் பொறுத்தது.

எங்களில் பலர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். நாளைக்கு யாராவது ‘மீற்றிங் முடிஞ்சுது, மிச்சத்தைச் சாப்பாட்டில கதைப்பம்’ என்று சொன்னால், அந்த மிச்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று கவனிப்போம். இரவு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரால் வர முடியாத மாதிரி அது வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்போம். இன்றைக்கு யாரும் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றி வைத்தாலே காணும்.