வீட்டு மொழியும் குடித்தொகையும்: சிங்கப்பூர் தரும் சான்று

ஒரு நகரத்தில் பேசப்படும் மொழி மாறுமாயின், அங்கே மக்கள் மாறிவிட்டனர் என்று கொள்வது வரலாற்றாசிரியர் வழக்கம். புதியோர் வந்து குடியேறுவர், பழையோர் அகல்வர், அவர்களோடு மொழியும் வரும், போகும். சிங்கப்பூரின் தொடக்க வரலாறு இதற்கு இசைவானதே. 1824இல் எடுக்கப்பட்ட முதற் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 10,683 பேர். அவருள் மலாயர் 4,580, சீனர் 3,317, பூகிஸ் மக்கள் 1,925, இந்தியர் 756. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் ஒவ்வொரு இனத்தாருக்கும் தனித்தனிப் பகுதியை ஒதுக்கியிருந்தது. ஆகவே தெருவைக் கூறினால் மொழியைக் கூறிவிடலாம்.

ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளின் வரலாறு வேறு. 1957இலும் 2020இலும் அத்தீவில் சீனர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். மலாயர் 13 விழுக்காட்டிற்குச் சற்று மேல். இந்தியர் 9 விழுக்காட்டை ஒட்டியவர். இடையில், 1971இல் பிரிட்டிஷ் படைத்தளம் அகன்ற காலத்தையொட்டி இந்தியர் பலர் தாயகம் திரும்பியதால் அவர்தம் பங்கு குறைந்து, பின்னர் மீண்டும் உயர்ந்தது. மற்றபடி இன விகிதம் பெரிதும் அசையவில்லை. வீட்டு மொழியோ முற்றிலும் புரண்டது. 1957இல் மாண்டரினைத் தாய்மொழி எனக் குறித்தோர் 0.1 விழுக்காட்டினரே, ஹொக்கியனைக் குறித்தோர் 30 விழுக்காட்டினர். 1980இலும் பத்தில் ஆறு குடும்பங்களில் சீனக் கிளைமொழிகளே முதன்மையாகப் பேசப்பட்டன. 2020இல் அவற்றை வீட்டில் மிகுதியாகப் பேசியோர் 8.7 விழுக்காட்டினர், மாண்டரின் 29.9, ஆங்கிலம் 48.3.

இம்மாற்றத்தின் காரணம் யாது? நெகேமியா எருசலேமில் பிள்ளைகளின் பேச்சு மாறியதைக் கண்டபோது, அதன் காரணத்தைக் கலப்பு மணத்தில் கண்டார் (நெகேமியா 13:23, 24). சிங்கப்பூரில் அதனைப் பள்ளியிலும் குடியிருப்பிலும் தேடவேண்டும். 1960 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்கு மாடிகளில் கம்பத்து மக்கள் பிரிந்து குடியேறினர். ஒரே கிளைமொழி பேசிய அயலார் அங்கில்லை. 1989இல் ஒவ்வொரு கட்டடத்திலும் இனவாரி வரம்பு விதிக்கப்பட்டது. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஒலி, ஒளிபரப்பிலிருந்து கிளைமொழிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. எனினும் அரசின் மீதே முழுப் பொறுப்பையும் சுமத்துவது நேர்மையன்று. அதற்கு முன்னரே பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே மேன்மேலும் அனுப்பத் தலைப்பட்டிருந்தனர். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டதற்கு மாணாக்கர் குறைவே காரணம்.

பள்ளியில் "தாய்மொழி" என்ற சொல் பெற்ற பொருளும் ஈண்டுக் கருதத்தக்கது. அது தாயின் மொழியன்று, வீட்டின் மொழியுமன்று. தந்தையின் இனத்தைக் கொண்டு பிள்ளைக்கு வகுக்கப்பட்ட பாடம். தலைமுறைகளாக வீட்டில் மலாய் பேசிவந்த பாபா சீனர்க்கும் மாண்டரினே தாய்மொழியாயிற்று! பெஞ்சமின் கீஸ்பெரி 1843இல் மலாய் வழிபாட்டிற்கென எழுப்பிய ஆலயத்தில் இச்சமூகத்தார் பலர் மலாயில் இறைவனைத் தொழுதனர். பிரின்செப் தெருவிலுள்ள அச்சபையின் வழிபாடு பின்னர் ஆங்கிலத்திற்கு மாறியது. சபையார் வேறு மக்கள் அல்லர். பெரும்பாலும் அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஆயர் எம்மொழியில் அருளுரை ஆற்றினால் பாட்டியும் பேரனும் ஒருங்கே கேட்பர் என்பது அங்கு வெறும் புள்ளியியல் வினாவாக இருந்திருக்க முடியாது.

தமிழின் நிலையைக் காண்போம். 2010இல் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசினர்; 2020இல் 2.5. இந்தியருள் 59.2 விழுக்காட்டினர்க்கு வீட்டு மொழி ஆங்கிலமே. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மேலும், ஆங்கிலத்தை முதன்மையாகப் பேசுவோருள் நூற்றுக்கு 87 பேர் வேறொரு தாய்மொழியையும் வீட்டில் வழங்குவதாக 2020 கணக்கெடுப்பு காட்டுகிறது. ஆகையால் தமிழ் அவ்வீடுகளை விட்டு நீங்கிவிட்டது என்பது மிகையுரை. கூடத்தில் ஆங்கிலமும் சமையலறையில் முதியோரிடம் தமிழும் ஒலிக்கக்கூடும். "மிகுதியாக" என்னும் ஒரு சொல் இரண்டில் ஒன்றை மறைத்துவிடுகிறது.

இவ்வெண்களில் அடங்காத மற்றொரு கூட்டமும் உண்டு. 2020இல் தீவின் மொத்தக் குடித்தொகை ஏறத்தாழ 57 இலட்சம்; மொழிக் கணக்கோ குடிமக்களும் நிரந்தரவாசிகளுமான 40 இலட்சம் பேரில் ஐந்து வயதிற்கு மேற்பட்டோரைப் பற்றியதே. கட்டடப் பணிக்கும் கப்பல் தளங்களுக்கும் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து சென்று, தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருக்கும் ஆடவர் அதில் இடம்பெறவில்லை. ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையெங்கும் ஒலிக்கும் தமிழில் பெரும்பகுதி இவர்களுடையது. அவர்தம் வீட்டு மொழி தமிழே; வீடுதான் அங்கில்லை.