பூசணமும் காவல்காரர்களும்

காரைக்காலில் ஐப்பசி அடைமழை பிடித்தால் செருப்பு, பெல்ட்டெல்லாம் பூசணம் பூத்துவிடும். காற்றில் மிதக்கும் அந்த வித்துகளை நாமும்தான் சுவாசிக்கிறோம். நமக்குள் ஏன் பூப்பதில்லை?

1884-ல் விடை சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ். டாஃப்னியா என்ற குட்டி நீர்ஜந்துவுக்குக் கண்ணாடி உடம்பு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஊசி மாதிரி பூஞ்சை வித்துகள் குடலைக் குத்தி நுழைய, செல்கள் ஓடிவந்து சூழ்ந்து விழுங்கின! செல்கள் ஜெயித்தால் ஜந்து பிழைத்தது, தோற்றால் செத்தது. நமக்கு அந்தக் காவல்காரர்கள், ரத்த வெள்ளை அணுக்கள். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு.

2021-ல் கோவிட்டோடு வந்த கறுப்புப் பூஞ்சை ஞாபகமிருக்கிறதா? வித்துகள் புதிதல்ல. கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் பலருக்குக் காவலை முடக்கிவிட்டன. கண் போனது, உயிரும் போனது.

ஆகவே, சர்க்கரை மாத்திரையை ‘நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்று தள்ளிவைக்காதீர்கள்!