டேப் விசை எங்கே மௌனமாகிறது?

கட்டளை வரியில் பணிபுரியும் ஆய்வு மாணவர் பலர் எதிர்கொள்ளும் சங்கடம் ஒன்றுண்டு. கோப்புப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயர் தானே நிரம்புகிறது. அந்த ஷெல்லுக்குள்ளிருந்தே ‘எஸ்எச்’ என்று தட்டி இன்னொரு ஷெல்லைத் திறந்தால், பல கணினிகளில் அதே விசை வெற்றிடத்தை மட்டுமே இடுகிறது. கணினி பழுது என்றோ தம் கைப்பிழை என்றோ மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். இரண்டும் அல்ல. நிரப்பும் அறிவை எங்கே வைப்பது என்ற பழைய வடிவமைப்பு முடிவொன்றின் விளைவே இது.

இவ்வசதி யூனிக்ஸில் பிறந்ததன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனம் பிடிபி-10 கணினிக்கென உருவாக்கிய டெனெக்ஸ் இயங்குதளத்தில், கட்டளையின் தொடக்கத்தைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் எஞ்சியது நிரம்பும். டெனெக்ஸ் பின்னர் டாப்ஸ்-20 ஆக வளர்ந்தபோது, கட்டளையை அலசி நிரப்பும் பணி இயங்குதளத்தின் மையத்திலேயே பொது அழைப்பாக வைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்திய நிரல்கள் அனைத்திலும் விசை ஒரே பொருளைத் தந்தது.

யூனிக்ஸ் வேறு வழியில் சென்றது. அங்கே ஷெல் என்பது மையத்திற்கு வெளியே இயங்கும் சாதாரண நிரல். 1979இல் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல்லுக்கு நிரப்பத் தெரியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கென் கிரீர் டெனெக்ஸின் பழக்கத்தைச் சி ஷெல்லுக்குள் கொண்டுவந்தார். அவ்வாறு பிறந்த டிசிஷெல்லின் ‘டி’ டெனெக்ஸையே நினைவூட்டுகிறது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், ரீட்லைன் நூலகத்தின் வழியே அதே வசதியைப் பெற்றது. 2000இல் வெளியான பாஷ் 2.04, ஒவ்வொரு கட்டளைக்கும் தனி நிரப்பு விதி எழுத இடமளித்தது.

ஆனால் அவ்விதிகள் தங்குவது அந்தந்த ஷெல்லின் நினைவகத்தில். தாய் ஷெல்லிடமிருந்து சேய் ஷெல்லுக்குச் சூழல் மாறிகள் சொத்தாகச் செல்லும். நிரப்பு விதிகள் செல்லா. சேய் ஷெல் தன் தொடக்கக் கோப்பைப் படித்தே அவற்றை மீண்டும் கற்க வேண்டும்.

பழுதுகள் பெரும்பாலும் இங்கேதான் தோன்றுகின்றன. உபுண்டுவில் 2006 முதல் ‘எஸ்எச்’ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது டேஷ். நிரல்களை விரைந்து இயக்கவென அமைந்த அது, வரித் திருத்த வசதியின்றியே வழக்கமாக வருகிறது. வேறு சில கணினிகளில் பாஷே ‘எஸ்எச்’ என்ற பெயரில் இயங்கும். அப்போது அது பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்காது. விதிகளைப் புரொஃபைல் கோப்பில் மட்டும் எழுதியிருந்தால், உள்நுழைவு ஷெல் அவற்றை அறியும், அதனுள் திறந்த ஷெல் அறியாது. ஈமாக்ஸின் ஷெல் சாளரத்திலோ விசையைப் பிடித்துக்கொள்வது ஈமாக்ஸே. அங்கிருந்து தொலைக் கணினியில் நுழைந்தவருக்கு அது உள்ளூர்க் கோப்புகளின் பெயர்களை நீட்டக்கூடும். மௌனத்தைவிட இது ஆபத்தானது. தவறான விடை சரியானதுபோல் தோன்றும்.

ஆகவே முதற்கேள்வி, விசை ஏன் வேலை செய்யவில்லை என்பதன்று. விசை யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே. ‘எக்கோ $0’ தற்போதைய ஷெல்லின் பெயரைப் பெரும்பாலும் காட்டிவிடும். பாஷில் எஸ்எச்எல்விஎல் மாறி அடுக்கின் ஆழத்தைச் சொல்லும். ‘கம்ப்ளீட் -பி’ அந்த ஷெல் அறிந்த விதிகளைப் பட்டியலிடும். அப்படியொரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தால், பேசிக்கொண்டிருப்பது பாஷுடன் அன்று என்பது தெளிவு.

பயிற்சி வகுப்புகள் டேப் விசையை முதல் நாளே அறிமுகப்படுத்துகின்றன. அது எந்த நிரலின் விசை என்பதையும் அன்றே சொல்லிவிட்டால், தம் தவறல்லாத ஒன்றுக்காகத் தம்மையே நொந்துகொள்ளும் மாணவர் குறைவர்.